பழைய ஆர்.எக்ஸ். 100-க்கு ஃபைபர் ஃபேரிங்: மாஸ்டரிலிருந்து மாட்டுவது வரை

ஃபைபர் வேலை என்றால் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் பிரஷ்ஷும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் வண்டியின் முன்னால் காற்றைக் கிழிக்க மாட்டும் ஒரு சின்ன ஃபேரிங்குக்கு மேட் போடும் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஃபேரிங்கின் அசல் வடிவமான மாஸ்டரைச் செய்யத்தான் இரண்டு மூன்று வாரம் போகும். மாஸ்டரின் மேல் மோல்டு எடுத்து, அந்த மோல்டுக்குள் ஃபேரிங்கைப் போடுவதுதான் முறை. ஃபேரிங்கின் வளைவு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது, வண்டியோடு ஒட்டி உட்காருவது எல்லாம் அந்த மூன்று வாரத்தில் முடிவாகிவிடுகின்றன. வார்ப்படத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பம்ப் உருப்படிக்குப் பேட்டர்ன் செய்கிறவர்கள் எதைப் பார்ப்பார்களோ, அதையேதான் இங்கேயும் பார்க்க வேண்டும்: சிக்காமல் வெளியே வருமா, எந்த இடத்தில் இரண்டாகப் பிரிப்பது, மூலைக்கு எவ்வளவு வளைவு விடுவது. சொந்தத்திலோ தெருவிலோ பேட்டர்ன் வேலை தெரிந்தவர் இருந்தால், மாஸ்டரை ஒரு தடவை அவர் கண்ணில் காட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

முதல் முயற்சிக்கு முழு ஃபேரிங் வேண்டாம். ஆர்.எக்ஸ். 100, ஆர்.எக்ஸ். 135, பழைய சுசுகி, ராஜ்தூத் 350 எல்லாமே காற்றில் குளிரும் எஞ்சின்கள். சிலிண்டரின் துடுப்புகளுக்குக் காற்று போகாமல் மூடினால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே ஓட்டுகிற வண்டிக்கு அந்த ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஹெட்லைட்டைச் சுற்றி வந்து மீட்டருக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடியோடு முடிகிற அரை ஃபேரிங்கே தொடங்குவதற்குச் சரியானது. அதன் பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர். கீழே சொல்லும் அளவெல்லாம் அந்தப் பரப்புக்கானவை.

வண்டியில் அளவு

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்துங்கள். கடைசியில் எந்த ஹேண்டில்பார் இருக்கப்போகிறதோ அதை மாட்டி, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் கேபிள், மீட்டர் கேபிள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும். ஃபேரிங் செய்த பிறகு ஹேண்டிலை மாற்றினால் எல்லாம் வீண்.

அடுத்து ஃபேரிங்கை எதில் கட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஃபோர்க்கில் கட்டினால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும், எடை 1.5 கிலோவுக்குள் இருந்தால் தாங்கும். ஃபிரேமின் கழுத்தில் கட்டினால் ஃபேரிங் அசையாமல் நிற்கும், ஓட்டும்போது ஹேண்டில் இலகுவாக இருக்கும். ஆனால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினாலும் லீவரோ விரலோ ஃபேரிங்கில் இடிக்கக் கூடாது. கையுறை போட்ட கைக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஃபோர்க் முழுதும் அமுங்கும்போது முன் மட்கார்டு எவ்வளவு மேலே வரும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் அமுக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி. அந்த நிலையிலும் 30 மி.மீ. மிச்சம் இருக்கட்டும்.

மாஸ்டர்

நடுவில் ஒரு முதுகெலும்பு வேண்டும். 6 மி.மீ. பிளைவுட்டில் ஃபேரிங்கின் பக்கத் தோற்றத்தை வெட்டி, அதை வண்டியின் நடுக்கோட்டில் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள். எந்த போல்ட்டில் ஃபேரிங் கடைசியாக உட்காரப் போகிறதோ, அதே போல்ட்டுகளில் இந்தப் பிளைவுட்டின் தாங்கியையும் கட்டுங்கள். அப்போதுதான் மாஸ்டரை மேசைக்கும் வண்டிக்கும் எத்தனை தடவை மாற்றினாலும் அது அதே இடத்தில் உட்காரும். பிளைவுட்டின் விளிம்பு கடைசிவரை தெரிந்துகொண்டே இருப்பதால், இரண்டு பக்கமும் ஒன்றா என்று அங்கிருந்தே அளந்து பார்க்கலாம்.

பிளைவுட்டின் இருபுறமும் நுரைக்கட்டி ஒட்டிச் செதுக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பலரும் தெர்மோகோலை எடுத்து ஏமாந்து போகிறார்கள். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைக்கும் திரவம் இருக்கிறது. அது பட்டதும் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். குளிர்பதனக் கிடங்குச் சுவர்களில் வைக்கிற பஃப் எனப்படும் மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் நுரை கரையாது. அந்த வேலை செய்பவர்களிடம் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் இருக்கும். தெர்மோகோல்தான் கையில் இருக்கிறது என்றால் மேலே எபாக்ஸி பூசி, அது முழுதும் இறுகிய பிறகே பாலியெஸ்டரைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். களிமண்ணும் வேண்டாம். காயும்போது வெடிக்கும், உள்ளே இருக்கும் ஈரம் ரெசினை இறுக விடாது.

ஹேக்சா பிளேடால் பெரிதாகச் சீவி, மர அரத்தால் வடிவுக்குக் கொண்டு வந்து, 40 நம்பர் உப்புத்தாளைப் பட்டைக் கட்டையில் ஒட்டித் தேயுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு, 50 மி.மீ.க்கு ஒரு அட்டை வெட்டி அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். கண்ணை நம்பி இரண்டு பக்கமும் செதுக்கினால் வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் ஒரு மாதிரி ஆகிவிடும். மேசையில் இருக்கும்போது அது தெரியாது. வண்டியில் மாட்டி எதிரே நின்று பார்த்தால் கோணல் பளிச்சென்று தெரியும்.

வடிவம் வந்ததும் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒரு சுற்று போட்டு ரெசின் அடித்து இறுக விடுங்கள். நுரை இப்போது ஓட்டுக்குள் பத்திரம். அதன்மேல் டிங்கரிங் பட்டறையில் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பட்டி. ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் தடவாதீர்கள். பருமனாகத் தடவினால் உள்ளே சூடேறிச் சுருங்கி, பத்து நாள் கழித்துக் கோடு விழும். 80, 120, 220 என்று தேய்த்து, 2கே பி.யு. பிரைமர் அடியுங்கள். என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்ட் பக்கமே போக வேண்டாம். மோல்டின் முதல் பூச்சான ஜெல் கோட்டில் இருக்கும் ஸ்டைரீன் அதைச் சுருக்கி, மாஸ்டரும் மோல்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

பிரைமர் காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்பிரேயைப் பனி படிந்த மாதிரி லேசாகத் தெளித்து, 300 மி.மீ. நீளக் கட்டையில் 320 வாட்டர் பேப்பர் வைத்துத் தேயுங்கள். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். நிற்கிற இடத்துக்குப் பட்டி. திரும்பவும் பிரைமர், திரும்பவும் கறுப்பு. நான்கைந்து தடவை ஆகும். பிறகு 600, 800, 1000, 1200. கடைசியில் மேலே தண்ணீரை ஊற்றி, டியூப்லைட்டின் பிம்பம் அதில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பிம்பம் உடைகிற இடத்தில் விரலுக்குத் தெரியாத அலை இருக்கிறது. மாஸ்டரில் விட்ட அலை மோல்டில் வரும். மோல்டில் வந்தது நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஃபேரிங்கிலும் வரும். பெயின்ட் அடித்தால் இன்னும் கூடத் தெரியும். இந்த இடத்தில் ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் தயங்காதீர்கள்.

செதுக்கும்போதே மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. மோல்டு இழுபடும் திசையில் எல்லாப் பக்கமும் குறைந்தது 3 டிகிரி சரிவு வேண்டும், 100 மி.மீ. ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் வாய் 5 மி.மீ. அகன்றிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மூலைகளுக்குக் குறைந்தது 6 மி.மீ. வளைவு வேண்டும். கூரான மூலையில் மேட் மடங்காது; அடியில் காற்று நிற்கும்; ஜெல் கோட் மட்டும் ஓடு மாதிரி நின்று முதல் குலுக்கலிலேயே உதிர்ந்துவிடும்.

எங்கே பிரிப்பது

ஹெட்லைட்டைச் சுற்றி உள்பக்கமாக மடிகிற ஃபேரிங் ஒரே மோல்டிலிருந்து வெளியே வராது. நடுக்கோட்டில் இரண்டாகப் பிரியும் மோல்டு செய்யுங்கள். பிளைவுட்டின் விளிம்பை ஒட்டி, மைக்கா ஒட்டிய பலகையில் 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு வேலி கட்டி, சேரும் இடத்தில் உள்ள இடைவெளியை, குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணால் அடையுங்கள். வலது பாதியை வேலி வரைக்கும் மேட் போட்டு இறுகியதும், வேலியை எடுத்துவிட்டு, அங்கே உருவான நிற்கும் விளிம்புக்கு (ஃபிளாஞ்ச்) மெழுகு தேய்த்து, இடது பாதியை அதன் மேலேயே போடுங்கள். இரண்டு பாதியும் சேர்ந்திருக்கும்போதே 150 மி.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போட்டுவிட வேண்டும். பிரித்த பிறகு துளை போட்டால் அரை மி.மீ. நகர்ந்துதான் சேரும்.

மெழுகு

புது மாஸ்டருக்கு மோல்டு ரிலீஸ் மெழுகு ஆறு தடவை. மெல்லத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பருத்தித் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. கார் பாலிஷில் சிலிக்கோன் இருந்தால் ஜெல் கோட் அதன்மேல் நிற்காமல் மீன் கண் மாதிரி விலகி ஓடும், அதை எடுக்காதீர்கள். மெழுகுக்கு மேல், மோல்டு ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. திரவத்தை ஸ்பாஞ்சால் மெல்லிதாக மூன்று தடவை பூசிக் காய விடுங்கள். காய்ந்தால் பளபளவென்ற படலமாக நிற்கும். விட்டுப்போன இடம் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தாலும் அங்கே மோல்டு பிடித்துக்கொள்ளலாம். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

ரெசின் கணக்கு

மாஸ்டர் ஓடு, மோல்டு, ஒரு ஃபேரிங் மூன்றுக்கும் சேர்த்து வாங்க வேண்டியது: பாலியெஸ்டர் ரெசின் 5 கிலோ, ஜெல் கோட் 1 கிலோ, 300 கிராம் மேட் முக்கால் கிலோ, 450 கிராம் மேட் 1.5 கிலோ, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 200 மில்லி, தேவைப்பட்டால் இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர் அதே அளவு, பிரஷ் கழுவ அசிட்டோன் 2 லிட்டர், பட்டி 2 கிலோ, வரி போட்ட அலுமினிய ரோலர் ஒன்று. 300, 450 என்பது ஒரு சதுர மீட்டர் மேட்டின் எடை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பொருள் கொடுக்கும் கடைகளிலும், கோவையில் ஃபைபர் பொருள் விற்கும் கடைகளிலும் இவை எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். ஜி.பி. எனப்படும் சாதாரண ரெசின் போதும். ஐசோ ரெசின் என்று கேட்டால் விலை கூட. வெயிலையும் தண்ணீரையும் அது இன்னும் நன்றாகத் தாங்கும், மோல்டுக்கு அதைப் போட்டால் நல்லது.

வாங்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ரெசினில் ஆக்ஸிலரேட்டர் ஏற்கெனவே கலந்திருக்கிறதா? கலக்காதது என்றால் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதற்குப் பிறகே கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது. ஒரு சொட்டு மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பொங்கித் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டு புட்டிகளையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள்; ஒரே சிரிஞ்சை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

கேட்டலிஸ்ட் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. 500 கிராம் ரெசினுக்கு 1.5 விழுக்காடு என்றால் 7.5 கிராம், சிரிஞ்சில் ஏறத்தாழ 6.5 மில்லி. மூடியால் அளப்பது, கண்ணால் அளப்பது எதுவும் வேண்டாம். சமையல் தராசு ஒன்று போதும். 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரெசின் எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. பின்னால் வெயில் பட்டு வளையும். 2-க்கு மேலே போனாலும் பலன் இல்லை. சூடேறிப் பழுத்து வெடிப்பு விழும். சித்திரை, வைகாசியில் ரெசின் சீக்கிரம் இறுகுகிறதே என்று கேட்டலிஸ்டைக் குறைக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள்; அதன் வீரியம் கடைக்குக் கடை மாறும், பொதுவாக 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தினமும் வேலைக்கு முன் 50 கிராம் கலந்து கடிகாரம் வைத்துப் பாருங்கள். 20 முதல் 25 நிமிடத்தில் கூழாகத் திரண்டால் புதியவருக்குச் சரியான வேகம்.

கலந்த ரெசினை ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் திரளும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிக்கொண்டால் சில நிமிடம் கூடக் கிடைக்கும். தெர்மோகோல் கப்பில் கலந்தால் கப்பே கரைந்து ஒழுகும். வீட்டுப் போசியை எடுத்தால் அது மறுபடி அடுப்படிக்கு ஆகாது.

நேரமும் இடமும் இந்த வேலையில் பெரிய விஷயம். கோடையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். மார்கழி, தை மாதங்களில் எதிர்மாறாக, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். ஈர ஜெல் கோட்டின்மேல் அந்தக் காற்று தூசியைக் கொண்டு வந்து போடும். அதைவிட, ஸ்டைரீனை ஆவியாக்கி ஜெல் கோட்டை இறுகாமல் செய்துவிடும். ஐப்பசி மழையில் மேட் ஈரம் வாங்கும். ஈர மேட்டில் ரெசின் பால் மாதிரி வெளுக்கும். மேட்டைப் பாலிதீன் பையில் கட்டி வைத்து, போடுவதற்கு முன் வெயிலில் ஒரு மணி நேரம் காட்டுங்கள்.

தோட்டத்துச் சாளையோ பழைய கட்டுத்தரையோ இருந்தால் அதுவே நல்ல இடம். இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும், ஆனால் நேர்க்காற்று வேலையின்மேல் படக் கூடாது. ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். 31 டிகிரியிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள் அது, நம் கோடை அதைத் தாண்டியே இருக்கும். பக்கத்தில் பீடி, வெல்டிங், கிரைண்டர், அடுப்பு எதுவும் கூடாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த கேட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள். தேய்க்கும்போது என்95. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம், அதனால் கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிஞ்சிய ரெசினைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். மண்ணின்மேல் வெட்டவெளியில் வைத்து இறுகி ஆறிய பிறகு எறியுங்கள். கேட்டலிஸ்ட் துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்துத் தனியாக வையுங்கள், சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும்.

மோல்டு போடுவது

மோல்டுக்குக் கறுப்பு அல்லது பச்சை நிற டூலிங் ஜெல் கோட். இரண்டு பூச்சாக மொத்தம் 0.7 மி.மீ. வரட்டும், இரண்டு பாதிக்கும் சேர்த்து 450 கிராம் ஆகும். மெல்லிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே மேட்டின் ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஊறி, முதலைத் தோல் மாதிரி சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் பிழைக்க வழியில்லை, சுரண்டிவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது: அதுதான் மேட் போடும் பதம்.

முதல் சுற்று 300 கிராம் மேட். கத்தரியால் வெட்டிய விளிம்பைவிடக் கையால் கிழித்த விளிம்பு நன்றாகப் படியும். முதலில் ஜெல் கோட்டின்மேல் ரெசின் அடித்து, அதன்மேல் மேட்டை வைத்து, பிரஷ்ஷால் குத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் இழை கூடிப் பிரஷ்ஷோடு வந்துவிடும். அடியிலிருந்து ரெசின் மேலே ஏறி, வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். ரோலரை நடுவிலிருந்து வெளியே ஓட்டிக் காற்றை விரட்டுங்கள். முதல் சுற்றை ஒரு நாள் இறுக விட்டு, குமிழி இருக்கிற இடங்களைக் கத்தியால் கீறி நிரப்பிவிட்டு, அடுத்த நாள் 450 ஒரு சுற்று, அதற்கு அடுத்த நாள் இரண்டு சுற்று. நான்கையும் ஒரே நாளில் போட்டால் சூடு சேர்ந்து மோல்டு முறுக்கிக்கொள்ளும். மேட்டின் எடைக்கு 2.3 மடங்கு ரெசின் போதும். தாராளமாக ஊற்றினால் உறுதி கூடாது. எடையும் நொறுங்கும் குணமும்தான் கூடும்.

முதுகில் மின் வயரிங் பி.வி.சி. பைப்பை விலா எலும்பு மாதிரி வைத்து மேட்டால் மூடுங்கள். அப்படியே ஐந்தாறு நாள் மாஸ்டரின் மேலேயே விட்டுவிட்டு, பிறகு மர ஆப்பால் விளிம்பைத் தட்டித் திறந்து தண்ணீர் விடுங்கள். பி.வி.ஏ. தண்ணீரில் கரைந்து மோல்டு கழன்று வரும். வராவிட்டால் ரப்பர் சுத்தியால் சுற்றித் தட்டலாம். ஸ்க்ரூ டிரைவரை நுழைக்கக் கூடாது.

ஃபேரிங் எடுப்பது

மோல்டின் உள்ளே 1200 வாட்டர் பேப்பரும் பாலிஷும் போட்டு, மாஸ்டருக்குச் செய்தது போலவே ஆறு மெழுகு, பி.வி.ஏ. இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு ஜெல் கோட் 300 கிராம், 0.5 மி.மீ. கனத்துக்கு. மோல்டின் குழியான பக்கம் மேலே பார்த்திருந்தால் அடியில் ஆவி தேங்கி ஜெல் கோட் இறுகத் தாமதமாகும், சாய்த்து வையுங்கள்.

மேட்டைத் தாள் மாதிரியில் முன்கூட்டியே வெட்டி வரிசையாக அடுக்கி எண் போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் கலந்த பிறகு கத்தரியைத் தேடும் வேலை இருக்கக் கூடாது. 300 ஒரு சுற்று, 450 ஒரு சுற்று. சேர்ந்து 2 மி.மீ. ஓடு. இரண்டு தடவையாக 450, 500 கிராம் ரெசின் கலந்தால் போதும். போல்ட் வரும் இடங்களிலும் கண்ணாடி உட்காரும் விளிம்பிலும் 450 மேட் இன்னும் இரண்டு துண்டு. போல்ட் இடத்தில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் துளைகள் போட்டு மேட்டுகளுக்கு நடுவே புதைத்தால், போல்ட்டின் இறுக்கத்தைத் தகடு பரப்பித் தாங்கும்.

ரெசின் ரப்பர் மாதிரி ஆகும் ஒரு பதம் உண்டு. கலந்து முக்கால் மணி நேரத்துக்குள் வரும். அப்போது மோல்டின் விளிம்போடு கூர்மையான கத்தியை ஓட்டினால் மிச்ச மேட் வெண்ணெய் மாதிரி அறுபடும். அந்தப் பதத்தை விட்டால் கிரைண்டரும் தூசியும்தான். உடம்பில் இழை குத்தி அரித்தால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஒரு நாள் மோல்டுக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு மோல்டோடு சேர்த்து இரண்டு பகல் நல்ல வெயிலில் வைத்தால் இன்னும் இறுகும். கழற்றிய பிறகு வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். உள்பக்கம் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பது கோளாறு அல்ல, காற்று பட்ட பாலியெஸ்டர் அப்படித்தான் இருக்கும். அசிட்டோன் துணியால் துடைத்துவிடலாம். ஜெல் கோட் பக்கம் பிசுபிசுத்தால்தான் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெயின்டுக்கு அவசரம் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, முகர்ந்தால் ரெசின் வாடை இல்லை என்றான பிறகு, சோப்புத் தண்ணீரால் பி.வி.ஏ.வையும் மெழுகையும் கழுவி, 320-ல் தேய்த்து, நடுக்கோட்டுத் தழும்பைச் சமன் செய்து, ஊசித் துளைகளைப் பட்டியால் அடைத்து, 2கே பிரைமர், பி.யு. பெயின்ட்.

மாட்டுவது

டூ ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரின் அதிர்வுதான் ஃபேரிங்கின் பெரிய எதிரி. நேராக இரும்போடு இறுக்கினால் ஒரு மாதத்தில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திர வெடிப்பு விழும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை, நடுவே ரப்பர் குரோமெட், இறுக்கம் முழுதும் தாங்க உள்ளே இரும்பு புஷ், இருபுறமும் அகல வாஷர், நைலாக் நட். குறைந்தது மூன்று பிடிப்பு, அவையும் ஒரே கோட்டில் இல்லாமல். ஃபிரேமில் துளை போடவோ பற்ற வைக்கவோ வேண்டாம். கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள்.

முன் கண்ணாடிக்கு 2 மி.மீ. பாலிகார்பனேட். அக்ரிலிக் அடிபட்டால் கூராக உடையும், அதுவும் முகத்துக்கு நேரே. சூடாக்காமல் ஒரு பக்கமாக மட்டும் வளையும் வடிவத்தை மாஸ்டரிலேயே முடிவு செய்திருந்தால், தட்டைத் தகட்டை வெட்டிக் கையால் வளைத்துப் பொருத்திவிடலாம். 5 மி.மீ. நைலான் போல்ட், ரப்பர் வாஷர் போதும். போல்ட் கழலாமல் இருக்கத் தடவும் திரவப் பசை பட்டால் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழும். பெட்ரோல் பட்டாலும் கெடும்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் மறையக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சாலையில் ஓட்டுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் அட்டாலியில் வையுங்கள்.

இதே முறையில் சீட்டின் பின்னால் வரும் கவுலும் சைடு கவரும் செய்யலாம். பெட்ரோல் டேங்க் மட்டும் செய்யாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்; சாதாரணப் பாலியெஸ்டரை அது ஊறவைத்து இளக்கி, கரைந்த பசையைக் கார்புரேட்டருக்குள் கொண்டுபோய் அடைக்கும்.

மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 200 கிலோமீட்டரில் ஒரு தடவை எல்லா நட்டையும் பாருங்கள். கேபிள் உரசி ஃபேரிங்கின் உள்விளிம்பில் கோடு விழுந்திருந்தால் அங்கே விளிம்பு ரப்பர் போடுங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் உள்பக்கம் 80-ல் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, வெடிப்பின் இருபுறமும் 40 மி.மீ. படர்கிற மாதிரி 300 மேட் இரண்டு சுற்று போட்டால் நின்றுவிடும். மோல்டைத் தூக்கி வைக்கும்போது இரண்டு பாதியையும் போல்ட் போட்டுச் சேர்த்து, உள்ளே ஒரு பூச்சு மெழுகோடு வெயில் படாத இடத்தில் சமமாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே கோடையில் வளைந்துபோகும்.